டி.பி.எஃப் லைட், யூரியா லைட், வெள்ளைப் புகை: பி.எஸ்.6 லாரிக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக லாரி வேலை பார்க்கிறேன். பழைய வண்டிகளில் சைலன்சர் என்பது ஒரு தகர டப்பா. ஓட்டை விழுந்தால் பற்றவைத்து அனுப்பிவிடுவோம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி கட்டாயமான பிறகு, அந்த டப்பா இருந்த இடத்தில் வடிகட்டி, வினையூக்கி, யூரியா ஊசி, சென்சார்கள் என்று ஒரு சின்ன ஆலையே உட்கார்ந்துவிட்டது. மீட்டர் போர்டில் மஞ்சள் லைட் வந்தாலே டிரைவருக்குக் கை நடுங்குகிறது. ஓனர் போனில் கத்துகிறார். பக்கத்தில் நிற்கும் யாரோ, "பெட்டியையே மாத்தணும், லட்சக்கணக்குல ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அப்படி மாற்றச் சொல்லி என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில், வடிகட்டியும் வினையூக்கியும் உள்ள அந்தப் பெட்டி நன்றாகவே இருந்தது. கோளாறு வேறு எங்கோ இருந்தது: ஒரு ஹோஸ், ஒழுகுகிற ஒரு இன்ஜெக்டர், ஒரு கேன் கெட்ட யூரியா. பெட்டி கடைசியில் இருப்பதால் முன்னால் நடக்கும் எல்லாத் தப்பும் அதன் தலையில் வந்து விழுகிறது. அதனால்தான் டிரைவரின் கண்ணுக்கும் மூக்குக்கும் எது முதலில் தெரிகிறதோ அதை வைத்து இதை எழுதுகிறேன். சுவிட்சும் லைட்டும் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைத்தான் கேட்க வேண்டும்.

புகை போகும் வழி

டர்போவை விட்டு வெளியே வரும் புகை முதலில் டி.ஓ.சி என்ற வினையூக்கிக்குள் போகிறது. எரியாத டீசல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அங்கே எரிகின்றன. அடுத்தது டி.பி.எஃப், அதாவது கரி வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி அது. அதன் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால் புகை சுவர் வழியாகக் கசிந்துதான் போக முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு குழாயில் யூரியா தெளிக்கப்படுகிறது. சூட்டில் யூரியா அம்மோனியாவாக மாறி, எஸ்.சி.ஆர் வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீர் ஆவியாகவும் ஆக்குகிறது. மிஞ்சிய அம்மோனியா வெளியே போகாமல் பிடிக்கக் கடைசியில் இன்னொரு வினையூக்கித் துண்டு.

வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துக் காலி செய்வதுதான் ரீஜென். புகை 250 முதல் 400 டிகிரி வரை சூடாக இருந்தால், ஓட ஓடக் கரி தானாகவே மெதுவாக எரிந்துகொண்டிருக்கும். அது போதாதபோது கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைப் புகைக்குள் அனுப்பும். டி.ஓ.சி அதை எரித்து, வடிகட்டியை 550, 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். அந்தச் சூட்டில் கரி எரிந்து போகும், சாம்பல் மட்டும் தங்கும். இந்தச் சாம்பல் இன்ஜின் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மானங்களிலிருந்து வருவது. எத்தனை ரீஜென் செய்தாலும் அது எரியாது, ஒருநாள் கழற்றி மெஷினில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சேலம் பக்கமிருந்து லோடோடு தொப்பூர் ஏறி வரும் வண்டியும், கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை ஏறி ஓசூர் போகும் வண்டியும் டி.பி.எஃப் லைட்டுக்காக என்னிடம் வருவது குறைவு. ஏற்றமே வடிகட்டியைச் சுத்தம் செய்துவிடுகிறது. குவாரிக்கும் பாலிஷ் பட்டறைக்கும் இடையே எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓடும் கிரானைட் வண்டிகளும், மாம்பழ சீசனில் கூழ் ஆலை வாசலில் மணிக்கணக்காக இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் வண்டிகளும்தான் வருகின்றன. ஐட்லிங்கில் புகை சூடாவதே இல்லை. கரி சேர்ந்துகொண்டே இருக்கும்.

கை வைக்கும் முன்

ரீஜென் நடக்கும்போது குழாய் வாயிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரி இருக்கும். புகை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆபத்தே அதுதான்.

வெயில் நேரத்தில் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுக்கும் கிளீனர் பையன்களை இந்தச் சாலையில் தினமும் பார்க்கிறேன். ஒருமுறை பட்டறை வாசலில் நின்ற வண்டியில் டிரைவர் ரீஜென் சுவிட்சை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஸ்பேனர் எடுக்கக் குனிந்தபோதுதான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால் தெரிந்தது. இழுத்து எழுப்பினேன். "அண்ணா, சூடா காத்து வந்துச்சு, வெயில்னு நெனச்சேன்" என்றான். குழாய் வாய் அவன் தலையிலிருந்து நாலடிகூட இல்லை. சூடு ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம். அன்றிலிருந்து எந்த வண்டியில் ரீஜென் போட்டாலும் முதலில் சுற்றி வந்து, குனிந்து, அடியில் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். பெட்ரோல் பங்கில் கூடாது. குவாரியில் வெடிமருந்து இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாது. மார்ச்சிலிருந்து மழை வரும்வரை தொப்பூர், சூளகிரி பக்கம் சாலை ஓரப் புல் காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கும், அதன்மேல் கூடாது. வைக்கோல் போருக்கும் ராகித் தாளுக்கும் பக்கத்தில் வேண்டாம். தார்ப்பாயும் கயிறும் குழாய்ப் பக்கம் தொங்காமல் கட்டுங்கள். கூரை போட்ட, மூன்று பக்கமும் அடைத்த ஷெட்டுக்குள் ரீஜென் போடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

ரீஜென் முடிந்து இன்ஜினை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் பீங்கான் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வெளித் தகரம் தொடும் அளவுக்கு ஆறிவிட்டது என்று நம்பி கிளாம்பைத் தளர்த்தாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கேபினைத் தூக்கினால் அதன் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பாருங்கள். வடிகட்டிக் கரியை கம்பரசர் காற்றால் ஊதி விடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. நல்ல மாஸ்க், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும்.

அறிகுறி: டி.பி.எஃப் லைட் எரிகிறது

விட்டுவிட்டு எரியாமல் நிலையாக எரிந்தால் வடிகட்டி நிரம்பத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை. நாலுவழிச் சாலையில், முடிந்தால் லோடோடு, கியரை ஒன்று குறைத்து, ஆர்.பி.எம்மைக் கொஞ்சம் மேலே வைத்து 20, 30 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். பர்கூர் பக்கம் குவாரி வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம், வாரத்துக்கு இரண்டு முறை வண்டியை மேலுமலை வரை ஒரு ஓட்டம் விடச் சொன்னேன். "டீசல் வேஸ்ட்" என்று முதலில் கோபப்பட்டார். வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டறையில் நின்றுகொண்டிருந்தது மாறிய பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

லைட் விட்டுவிட்டு எரிந்தால் நின்ற இடத்தில் ரீஜென் போட வேண்டிய நேரம். மேலே சொன்ன மாதிரி இடம் பார்த்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், டீசல் போதுமான அளவு இருக்க வேண்டும். அப்புறம் சுவிட்சை அழுத்திப் பிடியுங்கள். ஆர்.பி.எம் தானாக ஏறும். அரை மணி நேரம், சில வண்டியில் முக்கால் மணி நேரம் ஆகும். கிளச்சையோ ஆக்சிலேட்டரையோ தொட்டால் பல வண்டிகளில் ரீஜென் நின்றுவிடும். பாதியில் நிற்கும் ரீஜென் கரியையும் சரியாக எரிக்காது, டீசலும் வீண்.

ரீஜென் தொடங்கவே மாட்டேன் என்கிறதா? இரண்டைப் பாருங்கள். ஒன்று, ரீஜென் தடுப்பு சுவிட்ச். பங்கில் நிற்கும்போது சூடு வரக்கூடாதே என்று அதைப் போட்டுவிட்டு, எடுக்க மறந்து மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. இரண்டாவது, வேறு ஏதாவது கோளாறு பதிவாகியிருக்கிறதா என்பது. சென்சார் கோளாறு நிலுவையில் இருந்தால் கம்ப்யூட்டர் ரீஜெனுக்கு அனுமதி தராது. அதைச் சரிசெய்யாமல் சுவிட்சை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை.

டி.பி.எஃப் லைட்டோடு இன்ஜின் லைட்டும் சேர்ந்து, புல்லிங்கும் விழுந்துவிட்டால் ஓட்டுவதை நிறுத்துங்கள். இந்தக் கட்டத்தில் ஸ்கேனர் வைத்து கரி அளவைப் பார்த்த பிறகே ரீஜென். அளவு எல்லை தாண்டியிருந்தால் ஸ்கேனரால் கட்டாய ரீஜென் போடவும் கூடாது. அவ்வளவு கரி ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால் பீங்கான் வெடிக்கும், சுற்றியுள்ள ஒயரிங் உருகும், வண்டியே தீப்பிடிக்கலாம். கழற்றி மெஷினில் சுத்தம் செய்வதுதான் வழி. வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்தோ ஆசிட் ஊற்றியோ கழுவித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே பூசிய வினையூக்கிப் பூச்சு போய்விடும்.

அறிகுறி: ரீஜென் முடிந்த இரண்டு நாளில் மறுபடியும் லைட்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போன கோடையில் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி வந்தது. வேறு ஊரில் இரண்டு இடத்தில் பெட்டியை மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஓனர் மனைவியின் நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். நான் சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் வடிகட்டியின் அழுத்த வித்தியாசத்தைப் பார்த்தேன். இன்ஜின் ஓடவில்லை என்றால் புகை ஓட்டமே இல்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒரே அழுத்தம்தான், அதனால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். திரையில் 5 கிலோ பாஸ்கல் நின்றது. சென்சார் பொய் சொல்கிறது. அதன் இரண்டு சின்ன ஹோஸையும் கழற்றினேன். ஒன்றிலிருந்து கரி கலந்த தண்ணீர் சொட்டியது. ஹோஸை ஊதிச் சுத்தம் செய்தேன், எண் மாறவில்லை. புது சென்சார் போட்டதும் பூஜ்யம். ஸ்கேனரில் மறு அளவீடு செய்து, ஒரு ரீஜென் போட்டு அனுப்பினேன். அந்தப் பெட்டியே இன்றுவரை ஓடுகிறது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். பெட்டி மாற்றச் சொல்பவரிடம் முதலில் இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

எண் சரியாக இருந்தால் உண்மையிலேயே கரி அதிகம் வருகிறது. ஏன் வருகிறது என்று முன்பக்கம் தேடுங்கள். குவாரி வண்டியில் முதலில் ஏர் பில்டர். வெள்ளைக் கல் தூசி அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ஹோஸ். கிளிப் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு கருப்பாகத் தெரிந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது, சோப்புத் தண்ணீர் ஊற்றி உறுதி செய்யலாம். காற்று குறைந்தால் கரி கூடும். அடுத்து ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈ.ஜி.ஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுவது), எண்ணெய் விடும் டர்போ. இவை எல்லாம் சரி என்றால் கடைசியாகத்தான் சாம்பல். பி.எஸ்.6 வண்டிக்கு சாம்பல் குறைந்த ஆயில், பொதுவாக சி.கே-4 தரம், ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கிய மலிவு ஆயிலையே இதிலும் ஊற்றியிருந்தால் வடிகட்டி அதன் வயதுக்கு முன்பே சாம்பலால் நிரம்பும். ஆயில் பில்லைக் கேட்டுப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கும்.

அறிகுறி: டேங்க் நிறைய யூரியா, ஆனாலும் யூரியா லைட்

நாம் யூரியா என்று சொல்வது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய தண்ணீரும் சேர்ந்த திரவம். தரம் 31.8-க்குக் கீழேயும் 33.2-க்கு மேலேயும் போகக்கூடாது. ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி இதை உடனே காட்டும். நாலைந்து வண்டி வைத்திருப்பவர் ஒன்று வாங்கி வைக்கலாம்.

தரம் குறைந்தால் காரணம் பெரும்பாலும் கேன்தான். தண்ணீர் கலந்தது, அல்லது கேபின் மேல் வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தது. 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் திரவம் 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் தகரத்தின் மேல் வைத்தால் இன்னும் குறையும்.

உர மூட்டையை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இதை மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். வயலுக்கு வரும் யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அந்த எண்ணெய் யூரியா ஊசியின் நுண்துளையை அடைக்கும். கரைப்பதோ போர் தண்ணீரில். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தப் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் எஸ்.சி.ஆர் வினையூக்கியின் மேல் படிந்தால் மறுபடி எடுக்க முடியாது. கேனில் மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய், அழிவது வண்டியின் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று. மானிய உரத்தை இப்படித் திருப்புவது சட்டப்படியும் குற்றம்.

மாற்றி ஊற்றிவிட்டீர்களா? யூரியா டேங்கில் டீசல் விழுந்திருந்தாலும், டீசல் டேங்கில் யூரியா விழுந்திருந்தாலும் சாவியைக்கூடப் போடாதீர்கள். சாவி போட்டாலே பம்பு இழுத்துவிடும். அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட்டால் டேங்க்கைக் காலி செய்து கழுவுவதோடு முடியும். ஸ்டார்ட் செய்து பார்த்தால் பம்பு, இன்ஜெக்டர், பைப் என்று எல்லாவற்றிலும் வேலை வரும். ஆயில் ஊற்றிய புனலை யூரியாவுக்கு எடுக்காதீர்கள். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களை யூரியா அரிக்கும். பிளாஸ்டிக்கில் தனிப் புனல் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அறிகுறி: ஊசியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது

குழாயில் யூரியா ஊசி உட்காரும் இடத்தில் உப்புப் பூத்த மாதிரி இருக்கும். புதிதாகப் படிந்த வெள்ளைப் பொடி வெந்நீரில் கரைந்துவிடும். இன்ஜின் ஆறிய பிறகு ஊசியைக் கழற்றி, முனையை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, துணியால் துடைத்தால் போதும். கம்பியாலும் குண்டூசியாலும் குத்தாதீர்கள், தெளிக்கும் கோணம் கெட்டுவிடும். கேஸ் வெல்டிங் சுடரைக் காட்டவே கூடாது. சூட்டில் அம்மோனியா கிளம்பும். பழுப்பாகி, கல் மாதிரி இறுகியது தண்ணீரில் எளிதில் கரையாது. அது வேறு சேர்மமாக மாறிவிட்டது. குழாய்த் துண்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோதான் வழி.

இது ஏன் வருகிறது? புகை 200 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது யூரியா முழுதாக அம்மோனியா ஆவதில்லை, படிந்துவிடுகிறது. நீண்ட ஐட்லிங் ஒரு காரணம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் இறங்கும்போது நியூட்ரலில் விடுவது இன்னொன்று. குழாய் குளிர்ந்து போகும். ஆனால் அதை இந்த வெள்ளைப் படிவுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு பிரேக் சூடாகிப் போன உயிர்கள் எத்தனை என்று இந்தச் சாலையில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். கியரில், எக்சாஸ்ட் பிரேக் போட்டு இறங்குங்கள்.

மூன்றாவது காரணம், டிரைவர்கள் பலர் கவனிக்காதது. இன்ஜினை அணைத்ததும் மெயின் சுவிட்சையும் உடனே தட்டிவிடுவார்கள். சாவியை எடுத்த பிறகும் யூரியா பம்பு ஒன்றிரண்டு நிமிடம் மெல்லிய சத்தத்தோடு ஓடும். பைப்பில் மிச்சமிருக்கும் யூரியாவை டேங்குக்குத் திரும்ப இழுக்கிற வேலை அது. பாதியில் கரண்ட்டை வெட்டினால் ஊசியிலும் பம்பிலும் யூரியா நின்று காய்ந்து அடைக்கும். காதைக் கொடுத்துக் கேளுங்கள், சத்தம் நின்ற பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள்.

அறிகுறி: யூரியா குறையவே இல்லை

பல வண்டிகளில் 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 4 முதல் 6 லிட்டர் யூரியா போகும். உங்கள் வண்டி வழக்கமாக எவ்வளவு குடிக்கிறது என்று குறித்து வையுங்கள். திடீரென்று பாதியானால் ஊசி அடைப்பு, பம்பு பில்டர், லெவல் சென்சார் மூன்றில் ஒன்று. திடீரென்று இரட்டிப்பானால் கசிவு. அடியில் வெள்ளைக் கோடு இருக்கும், தேடுங்கள்.

அறிகுறி: நாக்ஸ் சென்சார் கோளாறு

நாக்ஸ் என்பது நைட்ரஜன் ஆக்சைடுகள். அதை அளக்கும் சென்சார் எஸ்.சி.ஆருக்கு முன் ஒன்று, பின் ஒன்று. சென்சார் மாற்றும் முன் அதன் ஒயர் எங்காவது சேசிஸில் உராய்ந்து தோல் போயிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். அதற்கு முன்னால் உள்ள குழாய் மூட்டுகளில் கருப்புக் கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். மூட்டு கசிந்தால் சென்சார் தவறாகப் படிக்கும். சென்சாரும் அதன் சின்னப் பெட்டியும் ஒரே ஜோடியாக அளவீடு செய்யப்பட்டவை, நடுவில் ஒயரை வெட்டி ஒட்டினால் ஒத்துப்போகாது. ஓடி வந்த சூட்டோடு வாட்டர் சர்வீஸ் விடாதீர்கள். உள்ளே பழுத்திருக்கும் பீங்கான் தண்ணீர் பட்டதும் விரிசல் விடும்.

அறிகுறி: புகை, நாற்றம்

பி.எஸ்.6 வண்டியின் குழாய் வாய் உள்ளே சுத்தமாக இருக்கும். ஆறிய பிறகு விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் கரி அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது இந்த ஒரு விரல் சோதனை பெரிய நஷ்டத்தைத் தடுக்கும்.

காலையில் கொஞ்ச நேரம் வரும் வெண்மை தண்ணீர் ஆவி. நீண்ட ஐட்லிங்குக்குப் பிறகு ரீஜென் தொடங்கும்போது கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டி.ஓ.சியில் டீசல் தேங்கியிருக்கிறது; கொஞ்சத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்ஜெக்டரையும் டி.ஓ.சியையும் பாருங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாசம் வந்தால் யூரியா அதிகமாகத் தெளிக்கப்படுகிறது, அல்லது எஸ்.சி.ஆர் அதைப் பிடிப்பதில்லை. ஷெட்டுக்குள் என்றால் முதலில் வெளியே வந்துவிடுங்கள்.

அறிகுறி: டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறது

ஆயில் தானாகக் கூடாது. சிலிண்டருக்குள் பிந்தித் தெளித்து ரீஜெனுக்கு டீசல் அனுப்பும் வண்டிகளில், ரீஜென் அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். ஒழுகும் இன்ஜெக்டரும் இதைச் செய்யும். டிப்ஸ்டிக்கை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் டீசல் வாசம் தெரியும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேரிங் போகும். மட்டம் மிக அதிகமானால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும், சாவியை எடுத்தாலும் நிற்காது. ஆயிலை மாற்றி, காரணத்தைச் சரிசெய்த பிறகே ஓட்டுங்கள்.

"ஒரு சின்ன பெட்டி போட்டா லைட்டே வராதாமே அண்ணா?"

மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார். கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டர். நான் போடுவதில்லை. வண்டியின் அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. மாசு விதியை மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கும் தடை. சட்டத்தை விடுங்கள். அந்த நைட்ரஜன் ஆக்சைடை முதலில் சுவாசிக்கிறவர்கள் டோல்கேட்டில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளும் சாலையோரம் மாம்பழக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும். அவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

வழியில் சிவப்பு லைட் வந்து நின்றுவிட்டால், போனில் "வண்டி இழுக்கல அண்ணா" என்று மட்டும் சொல்லாதீர்கள். மீட்டர் போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். எந்த லைட், என்ன நிறம், நிலையாகவா விட்டுவிட்டா என்பது அதோடு தெரிய வேண்டும். கடைசியாக யூரியா எங்கே, எப்போது ஊற்றினீர்கள். கடைசி ரீஜென் முழுதாக முடிந்ததா. ஏற்றத்தில் வந்ததா, வரிசையில் நின்றபோது வந்ததா. மெயின் சுவிட்சை எப்போது தட்டினீர்கள். கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், அந்தக் குறியீடுதான் எனக்கு வழி காட்டும். பேட்டரி ஒயரையும் கழற்ற வேண்டாம். நான் வரும்வரை கிளீனர் தம்பியை வண்டிக்கு அடியில் படுக்க விடாமல், அந்தப் பக்கம் மரத்தடியில் உட்காரச் சொல்லுங்கள்.